குவாரிக் குழியில் மழைநீர்: பெரிய மோட்டார் வாங்கும் முன்

கேள்வி: கரூர் மாவட்டத்தில் நான்கு ஹெக்டேரில் கல்குவாரி நடத்துகிறேன். குழியின் ஆழம் 40 மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் குழி நிரம்பி வாரக்கணக்கில் வேலை நிற்கிறது. இறைத்துவிடும் தண்ணீர் ஓடையைக் கலக்குவதாகக் கீழ்ப்பக்கத்து விவசாயிகள் சண்டைக்கு வருகிறார்கள். பெரிய மோட்டார் வாங்கினால் தீருமா?

பதில்: வேலை சீக்கிரம் தொடங்கும், சண்டை கூடும். கலங்கல் நீரை இன்னும் வேகமாக ஓடைக்கு அனுப்புவீர்கள், அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் பெய்யும் ஒரு மி.மீ. மழை 10,000 லிட்டர். ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால் உங்கள் நான்கு ஹெக்டேரில் மட்டும் 40 லட்சம் லிட்டர். மணிக்கு 50,000 லிட்டரை 40 மீட்டர் ஏற்றச் சுமார் 12 குதிரைத்திறன் வேண்டும். அதுவும் 80 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். மேட்டுப்பக்கம் ஆறு ஹெக்டேர் நிலம் குழியை நோக்கிச் சரிந்திருந்து, அங்கே பெய்ததில் பாதி வழிந்து வந்தால் இன்னும் 30 லட்சம். இதைத் தடுக்க மின்சாரமே வேண்டாம். ஒரு ஜேசிபி போதும்.

மேட்டுப்பக்கத்தில் சுற்று வடிகால் வெட்டுங்கள். வெட்டிய மண்ணைக் குழிப்பக்கம் கரையாகப் போட்டு இறுக்குங்கள். வடிகால் குழியின் விளிம்பை ஒட்டி ஓடக் கூடாது. நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். புரட்டாசிக்குள் தூர்வாரிவிட வேண்டும். பலர் வெட்டுவதோடு சரி.

அடுத்து, குழியில் ஊற்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பங்குனியில் ஒரு மாலை சம்ப்பை (குழியின் அடியில் நீர் சேரும் பள்ளத்தை) இறைத்து, மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். பத்துக்குப் பத்து மீட்டர் சம்ப்பில் 12 மணி நேரத்தில் 30 செ.மீ. ஏறினால் மணிக்கு 2,500 லிட்டர் ஊறுகிறது. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் நீர், சுரங்கத் தரையையே மேலே தள்ளக்கூடியது; அங்கே இரவு பகலாக இறைக்கிறார்கள். உங்கள் பாறையில் வெடிப்புக் கசிவுதான். ஆனாலும் ஊற்று தென்பட்டால், நிலத்தடி நீர்மட்டம் பற்றி உங்கள் சுற்றுச்சூழல் அனுமதி என்ன சொல்கிறது என்று படித்துவிடுங்கள்.

இறைத்த நீர் நேராக ஓடைக்குப் போகக் கூடாது. படிவுத் தொட்டிக்குப் போக வேண்டும். இதில் ஆழமாகத் தோண்டிப் பயனில்லை. வண்டல் படிவதைத் தீர்மானிப்பது நீர்ப்பரப்பு. மணிக்கு 50,000 லிட்டருக்கு நூறு சதுர மீட்டராவது வைத்துக்கொள்ளுங்கள். நீர் ஒரு கோடியில் நுழைந்து மறுகோடியில் வழியட்டும். நடுவே தடுப்புச் சுவர் எழுப்பினால் குறுக்கே பாயாது. தொட்டியில் வண்டல் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததும் அள்ளுங்கள். வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதைவிட நல்லது, தெளிந்த நீரைப் பாதையில் தூசி அடங்கத் தெளிப்பது. களிமண் கலங்கல் மட்டும் தானாகப் படியாது. அதற்குப் படிகாரம் வேண்டும்.

பிறகுதான் மோட்டார். மிதவையில் கட்டித் தொங்கவிடுங்கள். அடியில் கிடந்தால், உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரைச் சேறு தின்றுவிடும். கனமழைக்குப் பின் நீர் வற்றியதும் ஆட்களை இறக்கிவிடாதீர்கள். முதலில் மேல் விளிம்பில் புதிய பிளவு விழுந்திருக்கிறதா என்று மேஸ்திரி சுற்றிப் பார்க்கட்டும். ஊறிய பாறை பல நாள் கழித்தும் சரியும்.