ரக்ஷ் பணிந்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரசீகக் காவியமான ஷாநாமாவில், அதன் பெருவீரன் ருஸ்தமின் மரணம் வரை வாசித்துவிட்டேன். அவனைவிட அவன் குதிரை ரக்ஷ்தான் மனத்தில் நிற்கிறது. என்ன ஒரு விசுவாசம்! அப்படிப்பட்ட குதிரையை ருஸ்தம் ஏன் ஓயாமல் திட்டுகிறான்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘விசுவாசம்’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. ரக்ஷ் சொன்னபடி கேட்கிற குதிரை இல்லை. மாசந்தரான் நாட்டுக்குப் போகும் வழியில் ருஸ்தம் தூங்கும்போது சிங்கம் வருகிறது. ரக்ஷ் அவனை எழுப்பாமல் தானே கடித்துக் கிழித்துக் கொன்றுவிடுகிறது. (பிரிட்டிஷ் மியூசியத்தில் இந்தக் காட்சியின் ஓவியம் ஒன்று இருக்கிறது. காடே அமளிப்பட, வீரன் நிம்மதியாக உறங்குகிறான்.) விழித்தவன் பாராட்டவில்லை. “நீ செத்திருந்தால் இந்தக் கவசத்தையும் கதாயுதத்தையும் மாசந்தரானுக்கு நான் எப்படிச் சுமந்திருப்பேன்?” என்கிறான். முதல் வாசிப்பில் இது சுயநலமாகப் பட்டது. பயந்துபோனதைச் சொல்லத் தெரியாதவனின் கோபம் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு டிராகன். ரக்ஷ் இரண்டு முறை எழுப்புகிறது. இரண்டு முறையும் டிராகன் இருளில் மறைந்துவிடுகிறது. இன்னொரு தரம் எழுப்பினால் வெட்டிப்போட்டுவிட்டு நடந்தே போவேன் என்கிறான் ருஸ்தம். மூன்றாம் முறை டிராகன் வரும்போது, அதற்கும் எசமானுக்கும் நடுவில் குதிரை தவிக்கும் அந்தச் சில வரிகளுக்காகவே காவியத்தை எழுதிய பிர்தௌசியைக் கும்பிடலாம். கடைசியில் அது எழுப்பித்தான் விடுகிறது. சண்டையில் டிராகனின் தோளையும் கடித்துக் கிழிக்கிறது.

எழுப்பும் குதிரை பிர்தௌசியின் கற்பனை மட்டும் அல்ல. சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த, அவருக்கு முந்தைய சோக்திய மொழி (மத்திய ஆசியாவின் பழைய மொழி ஒன்று) சுவடித் துண்டிலும் பேய்ப்படை நெருங்கும்போது ரக்ஷ்தான் ருஸ்தமை எழுப்புகிறது. ஹோமரின் அகிலீஸுக்கு வாய்த்த குதிரை ஒருமுறை பேசவே செய்தது. ரக்ஷுக்கு அந்த வரம் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் குளம்பால் நிலத்தை உதைப்பதும் கனைப்பதும்தான்.

இப்போது காபூல் வேட்டைக் காட்டுக்கு வாருங்கள். தம்பி ஷகாத் ஈட்டிகள் நட்ட குழிகளை மூடி வைத்திருக்கிறான். புதுமண்ணின் வாசனை பட்டதும் ரக்ஷ் உடலைப் பந்தாகச் சுருக்கிக்கொண்டு மிரள்கிறது. ருஸ்தமுக்குக் கோபம். சாட்டையை ஓங்கி, மெல்லத்தான் அடிக்கிறான். ‘மெல்ல’ என்பது பிர்தௌசியின் சொல். அதைத் தாண்டி என்னால் சட்டென்று வாசிக்க முடிவதில்லை. சிங்கத்திடமும் டிராகனிடமும் தன் புத்திப்படி நடந்த குதிரை, அந்த ஒரு அடிக்குப் பணிந்து கால் எடுத்து வைக்கிறது. இருவரும் விழுகிறார்கள்.

ருஸ்தமின் சொந்த மண்ணான ஸாபுலில் அவன் கல்லறை வாசலிலேயே ரக்ஷையும் புதைத்தார்கள். படுத்த நிலையில் அல்ல, நான்கு காலில் நிற்கும் குதிரையாக.