மாட்டின் வாய்க்குள் கைவிட்டதற்கும் தடுப்பூசி வேண்டும்

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி, எச்சில் வடித்த மாட்டின் வாய்க்குள் கைவிட்டதாகவும், விரலில் ஏற்கெனவே கீறல் இருந்ததாகவும், மாடு நேற்று இறந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு முன் அதை நாய் கடித்தது என்ற வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது.

இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். "மாடு கடிக்கவில்லையே" என்று தயங்காதீர்கள். ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் கிருமி எச்சிலில் இருக்கிறது. அது உள்ளே நுழையக் கீறலே போதும். இரண்டு நாளானாலும் கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். தடுப்பூசியோடு, காயத்தில் செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள்) தேவையா என்று கேளுங்கள்.

மாடுகளை ரேபிஸ் தாக்கினால் விழுங்கும் தசைகள் செயலிழக்கும். அதனால்தான் எச்சில் ஒழுகுகிறது, தொண்டை அடைத்ததுபோல் தோன்றுகிறது. குரல் மாறி ஓயாமல் கத்தும். எல்லா விலங்கும் வெறிபிடித்துப் பாயும் என்பதில்லை. சில துவண்டு படுத்தே இறந்துவிடும். மனிதரிலும் இப்படி இரண்டு வகை உண்டு. தண்ணீரைக் கண்டு நடுங்குவது ஒன்று, சத்தமின்றிப் பரவும் வாதம் மற்றொன்று.

கிருமி நரம்பு வழியே மூளையை அடையப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் தடுப்பூசி காப்பாற்றுகிறது. அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. கடித்த விலங்கு நலமாக இருக்கிறதா என்று பத்து நாள் பார்த்திருக்கும் வழக்கம் நாய், பூனைக்குத்தான்; உங்கள் மாடோ இறந்தேவிட்டது.

கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். உடலை வெறுங்கையால் தொடாதீர்கள்.