லேப்டாப்லேர்ந்து டெஸ்க்டாப்: போட்டோ எடிட் பண்றவங்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் லேப்டாப் 8 ஜிபி ரேம். ஒரு கல்யாணத்துக்கு 3000 ரா ஃபைல் (கேமராவோட மூல ஃபைல்) வருது. லைட்ரூம்ங்குற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எக்ஸ்போர்ட் போட்டா மொதல்ல நல்லா ஓடுது, கொஞ்ச நேரத்துல ஃபேன் கத்த ஆரம்பிச்சு படு ஸ்லோ ஆயிடுது. ரேம் மட்டும் ஏத்தினா போதுமா?

பதில்: ரேம் ஏத்துனா கொஞ்சம் மூச்சு விடும் தம்பி, ஆனா நீங்க சொல்ற ஸ்லோ சூட்டால வர்றது. ப்ராசஸர் 95, 100 டிகிரிய தொட்டா தன்னைக் காப்பாத்திக்க வேகத்த கொறைச்சுக்கும், லேப்டாப்ல அந்த சூடு வெளிய போறதுக்கு விரக்கடை சந்துதான் இருக்கு. டெஸ்க்டாப்ல பெரிய ஹீட்சிங்க், 120 எம்எம் ஃபேன்னு தாராளமா வைக்கலாம், ராத்திரி முழுக்க ஓட விட்டாலும் அதே வேகத்துல போகும். மாறுறப்ப 32 ஜிபி போடுங்க, 16ஆ ரெண்டு ஸ்டிக். பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ, அதாவது ரேம முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்க, ஆன் பண்ண மறக்காதீங்க, கடையில பல பேர் அத செய்யாமலே குடுத்துடுறாங்க.

கேள்வி: சார், பட்ஜெட்ல பாதிய கிராபிக்ஸ் கார்டுக்கே ஒதுக்கிட்டேன். இப்போதைக்கு பழைய ஆபீஸ் மானிட்டர் இருக்கு, அது போதும்ல?

பதில்: தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க சார். எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு முகூர்த்த ஆல்பம், பொண்ணுக்கு அரக்கு கலர் பட்டு. என் பழைய லேப்டாப் ஸ்க்ரீன்ல அது வெளிறிப்போய் தெரியுதேன்னு சிவப்ப ஏத்தி ஏத்தி விட்டேன், பிரிண்ட் ஆகி வந்தப்ப புடவை தக்காளி கலர்ல இருக்கு, ஜரிகைக்கும் துணிக்கும் வித்தியாசமே தெரியல, பொண்ணு முகம் வெயில்ல நின்னவங்க மாதிரி செவந்து கெடக்கு. பிரிண்ட் போட்ட லேப் மேல ஒரு தப்பும் இல்ல. என் ஸ்க்ரீன் 45% என்டிஎஸ்சி (கலர் அளவுகோல் ஒண்ணு) பேனல், அதாவது எஸ்ஆர்ஜிபிங்குற பொதுவான கலர் வரம்புல 60 சதவீதம் சொச்சந்தான் காட்டும், இல்லாத சிவப்ப நான் தேடிட்டு இருந்திருக்கேன். மொத்த ஆல்பத்தையும் என் காசுல திரும்ப அடிச்சுக் குடுத்தேன்.

அதனால காச மொதல்ல மானிட்டருக்கு எடுத்து வைங்க. ஐபிஎஸ் பேனல் (சைடுலேர்ந்து பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாத வகை), எஸ்ஆர்ஜிபி 100%, 27 இஞ்ச், 1440பி (2560 x 1440 பிக்சல்). கலர் கேலிபரேட் பண்ற மீட்டர் தனியா வாங்க கட்டுப்படியாகலன்னா நாலு போட்டோகிராபர் சேர்ந்து ஒண்ணு வாங்கி மாத்தி மாத்தி வச்சுக்கோங்க. பிரைட்னஸ் 100, 120 நிட்ஸ் போதும், ஏத்தி வச்சு எடிட் பண்ணீங்கன்னா பிரிண்ட் இருட்டாத்தான் வரும்.

கேள்வி: அப்போ கிராபிக்ஸ் கார்டே வேணாமா?

பதில்: வேணும். லைட்ரூம்ல 2023 ஏப்ரல்ல வந்த ஏஐ டீநாய்ஸ் (போட்டோவுல வர்ற புள்ளி புள்ளியான இரைச்சல நீக்குறது) ஜிபியூவ, அதாவது கிராபிக்ஸ் கார்டு சிப்ப, நம்பித்தான் ஓடுது, மண்டபத்து வெளிச்சத்துல ஐஎஸ்ஓ 6400ல எடுக்குறவங்களுக்கு அது பெரிய ஒத்தாசை. 8 ஜிபி விரேம் (கார்டோட சொந்த மெமரி) இருக்குற நடுத்தர கார்டு போதும், அதுக்கு மேல கேம் ஆடுறவங்க செலவு. இன்னொண்ணு, மானிட்டர் கேபிள கார்டுலயே சொருகுங்க, மதர்போர்டுல சொருகிட்டு கார்டு வேல செய்யலன்னு தேடி வந்தவங்க நிறைய.

கேள்வி: அண்ணா, நான் வீட்லயே குழந்தைங்க போட்டோ எடிட் பண்றேன். எங்க ஏரியால கரண்ட் அடிக்கடி போகும், லேப்டாப்புன்னா பேட்டரி இருக்கு, டெஸ்க்டாப்ல பயமா இருக்கே?

பதில்: பயம் நியாயந்தான்மா, டிஸ்க்ல எழுதிட்டு இருக்குறப்ப டக்குனு நின்னா லைட்ரூம் கேட்டலாக்கே (எடிட் எல்லாம் பதிவாகுற ஃபைல்) கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. யூபிஎஸ் கட்டாயம் வாங்குங்க. 600 விஏன்னு போட்டிருந்தா நெஜத்துல 360 வாட்ஸ் பக்கந்தான் தாங்கும், கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்த்து கணக்கு போட்டா 1000 விஏ நல்லது. சேவ் பண்ணி ஆஃப் பண்ற வரைக்குந்தான் அது, உக்காந்து வேல பார்க்க இல்ல.

கேள்வி: பழைய லேப்டாப்ப வித்துடலாமா?

பதில்: வச்சுக்கோங்க. லைட்ரூமுக்கு எடுக்குற அடோபி பிளான் ரெண்டு கம்ப்யூட்டர்ல ஆக்டிவேட் ஆகும், ஒரு நேரத்துல ஒண்ணுல யூஸ் பண்ணலாம். வெளியூர் கல்யாணத்துல ராத்திரியே மெமரி கார்டுலேர்ந்து காப்பி எடுக்க, கண்ணு மூடின போட்டோவ கழிச்சுக்கட்ட அது போதும். ரா ஒண்ணு 30 எம்பின்னு வச்சாலே 3000க்கு 90 ஜிபி ஆகுது, வீட்டுக்கு வந்ததும் டெஸ்க்டாப் என்விஎம்இ எஸ்எஸ்டில (உள்ள இருக்குற வேகமான டிஸ்க்) ஒரு காப்பி, வெளி ஹார்ட்டிஸ்க்ல ஒரு காப்பி போட்ட அப்புறமா மெமரி கார்ட ஃபார்மட் பண்ணுங்க.