அக்காவுக்கு எந்தப் பூ?

வணக்கம் சார்,

பாரிஸில் இருக்கும் என் அக்காவுக்கு நவம்பர் 3ஆம் தேதி ஐம்பது வயது முடிகிறது. நேரில் போக வசதியில்லை, பூங்கொத்தாவது அனுப்பலாம் என்று நினைக்கிறேன். இணையத்தில் ஒவ்வொரு பூவுக்கும் ஓர் அர்த்தம் போட்டிருக்கிறார்கள். வெள்ளைச் சாமந்தி என்றால் உண்மை, விசுவாசமாம். அம்மாவுக்கும் சாமந்திதான் பிடிக்கும். அதையே அனுப்பலாமா? சின்ன வயதில் திருவொற்றியூர் கோயிலில் மகிழம்பூ பொறுக்கிக் கோத்தவர்கள் நாங்கள். பூ என்றாலே எனக்கு அக்கா ஞாபகம்தான்.

ச., காலடிப்பேட்டை

அன்புள்ள ச.,

சாமந்தி வேண்டாம். அதுவும் நவம்பர் முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். பிரான்சில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் தினம். அன்று குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ச் சாமந்தித் தொட்டி வைத்துவிட்டு வருவார்கள். அந்த வாரம் பூக்கடை வாசலில் நிற்கும் சாமந்தியெல்லாம் அதற்குத்தான். அக்காவுக்கு உங்கள் மனசு புரியும். எதிர் வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார். நம் ஊரில் சாமந்தி சாமிக்கும் போகும், சாவுக்கும் போகும், யாரும் குழம்புவதில்லை. அங்கே அப்படியில்லை.

அந்த அர்த்தப் பட்டியலை ரொம்ப நம்பாதீர்கள். பூவுக்குப் பொருள் சொல்லும் இந்த மோகம் 1819இல் அதே பாரிஸில் வெளியான ஒரு புத்தகத்தால் பரவியது. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக மாற்றி எழுதினார்கள். மஞ்சள் ரோஜா ஒருவருக்கு நட்பு, இன்னொருவருக்குப் பொறாமை.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, மகிழம்பூ, அதை அனுப்புங்கள். அந்தக் கோயிலின் தல மரமே மகிழம்தான். இறைவனுக்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மரத்தடியில். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், பார்வை போயிற்று. (பிழைப்புக்காகக் கடல் தாண்டிய அக்காவிடம் இந்தப் பகுதியை அழுத்திச் சொல்லாதீர்கள்!)

காரணம் அந்தக் கதை மட்டுமல்ல. மகிழம்பூ சின்ன நட்சத்திரம் மாதிரி உதிர்ந்து கிடக்கும், நடுவில் துளையோடு. ஊசி தேவையில்லை, நாரில் கோத்தாலே சரம். உங்களுக்குத் தெரியாததா! மல்லியும் முல்லையும் மறுநாளே வதங்கிப் பழுத்துவிடும். மகிழம்பூ பழுப்பேறிச் சருகானாலும் மணம் விடாது. துணிப் பெட்டியில் புடவைக்கு நடுவே போட்டு வைக்கிற வழக்கம் அதனால்தான். தூரத்துக்கு அனுப்ப நம்மிடம் இருக்கிற பூ இதுதான்.

புதுப் பூவை இங்கிருந்து அனுப்ப நினைக்காதீர்கள். 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பூ நுழையத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். காய்ந்த சரத்துக்கும் தபாலில் போடுமுன் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் போகிற சொந்தக்காரர் யாராவது இருந்தாலும் விசாரித்த பிறகே கொடுத்துவிடுங்கள்.

பிறந்தநாளன்று மேசையில் புதுப் பூவும் இருக்கட்டும் என்றால் பாரிஸ் பூக்கடை ஒன்றிலேயே இணையத்தில் சொல்லிவிடலாம். ரோஜா போதும். நிறத்துக்குப் பட்டியலைப் பார்க்க வேண்டாம், அக்கா விரும்பிக் கட்டும் புடவைகளை நினைத்துப் பாருங்கள். மல்லிதான் வேண்டுமென்றால் லா ஷப்பல் பக்கம் தமிழ்க் கடைகள் உண்டு, ஆண்டுதோறும் பிள்ளையார் தேர் ஓடுகிற வட்டாரம். அங்கே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரத்தை வெயிலில் போடாமல் நிழலில் காயவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் முடியுங்கள். மரம் இப்போது பூக்கவில்லையென்றால் தெரிந்த வீட்டில் போன பருவத்துச் சரம் இருக்கிறதா என்று கேளுங்கள், அதுவும் சரிதான். கோயிலுக்குப் போவதானால் பிராகாரம் பெருக்குவதற்கு முன்னால் போய்விடுங்கள்.

அன்புடன்