ஆறு தரம் ஸ்னூக்கர் உலக இறுதியாட்டத்தில் தோற்ற ஜிம்மி வைட்டை ஏன் இன்னும் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள்?

என்னை முப்பது வருடமாக ‘ஜிம்மி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் வேறு. அதனால் இந்தக் கேள்வியைக் கண்டதும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டவருக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். யூடியூபில் 1994 இறுதியாட்டத்தின் அந்தக் கறுப்புப் பந்துக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பிறகு பட்டியலைத் தேடியிருப்பீர்கள்: 1984, 1990, 1991, 1992, 1993, 1994. ஷெஃபீல்டில் ஆறு இறுதியாட்டம், ஆறும் தோல்வி. இதற்கா இவ்வளவு கைதட்டல் என்று தோன்றியிருக்கும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குக் கீழே ‘தோற்பதையே தொழிலாக வைத்திருந்தவர்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குச் சுட்டுவிட்டது.

நான் லண்டனுக்கு வந்தது 1991 கடைசியில். ரூட்டிங்கில் ஒரு வீடு, மேலே இரண்டு அறை, அதில் நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் ஊர்ப் பெடியன்கள். ஜிம்மி வைட் 1962-ல் பிறந்ததும் இதே ரூட்டிங்கில்தான். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்துவிட்டு ‘ஸான்ஸ்’ என்ற ஸ்னூக்கர் ஹாலில் கிடந்து விளையாட்டுப் பழகிய பையன் அவர். இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ரூட்டிங் ரயில் நிலையமும், சாமான் வாங்கும் கடையும், விசாக் கடிதத்தோடு வரும் தபால்காரரும்தான். இன்றைக்கு அந்த ஊரில் எவரைக் கேட்டாலும் ஜிம்மியோடு கைகுலுக்கினேன் என்பார்கள். நான் அவரை ஒரு தரமும் நேரில் கண்டதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து புளுகுகிறான் என்று எழுத வேண்டாம்.

எனக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பகலில் தூக்கம் வராது. ரிவியைப் போட்டால் எல்லாம் இங்கிலீசு. அவர்கள் கதைக்கிற வேகத்துக்குக் காலில் ஒன்று, தலையில் ஒன்றுதான் பிடிபடும். வசந்த காலம் வந்ததும் பிபிசியில் நாள் கணக்காக ஒரு மேசையையும் பந்துகளையும் காட்டினார்கள். வர்ணனைக்காரர் நிமிடத்துக்கு ஒரு வார்த்தை, அதையும் கோயிலுக்குள் பேசுகிற குரலில் சொல்வார். அகதிக்கு ஏற்ற விளையாட்டு அதுதான், மொழி வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். எங்களுடையது பழைய கறுப்பு வெள்ளை ரிவி. ஸ்னூக்கரைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். பதினைந்து சிவப்புப் பந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, ரோஸ் 6, கறுப்பு 7. ஒரு சிவப்பு, ஒரு நிறம், மறுபடி ஒரு சிவப்பு என்று குழியில் போட வேண்டும். எங்களுக்கோ எல்லாம் சாம்பல். பந்து இருக்கும் இடத்தை வைத்துத்தான் நிறத்தைச் சொல்வோம். இடம் பெயர்ந்துவிட்டால் வீட்டில் சண்டைதான்.

அந்த ரிவியில் நான் குழப்பமில்லாமல் பார்த்த ஆட்டம் ஒன்று உண்டு. 1992 முதல் சுற்றில் மால்டாக்காரர் டோனி டிராகோவுக்கு எதிராக ஜிம்மி வைட் எடுத்த 147, அதாவது மேசையில் உள்ள எல்லாவற்றையும் விடாமல் போட்டு எடுக்கும் அதிகபட்சப் புள்ளி. பதினைந்து சிவப்போடும் பதினைந்து தரம் கறுப்பையே போட வேண்டும், வேறு நிறத்துக்கு வேலையே இல்லை. பிறகு மிச்ச ஆறு பந்தும் வரிசையாக. ஷெஃபீல்ட் குருசிபிள் அரங்கில் அதற்கு முன் ஒரே ஒருவர்தான் அதைச் செய்திருந்தார், 1983-ல் கனடாவின் கிளிஃப் தோர்பர்ன். ஜிம்மி இடது கைக்காரர், மேசையைச் சுற்றி நடக்கும்போதே அடுத்த அடியை யோசித்து முடித்துவிடுவார் போலிருந்தது. சுழல்காற்று என்று பெயர் வைத்ததில் தப்பில்லை. அன்றோடு நான் அவர் ஆள்.

அந்த வருட இறுதியாட்டம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாரும் 1994 பற்றியே பேசுவார்கள். உலக இறுதியாட்டம் கூடினால் 35 பிரேம் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு பிரேம்), முதலில் 18 எடுப்பவர் வென்றவர். ஸ்கொட்லாந்துக்காரர் ஸ்டீபன் ஹென்ட்ரிக்கு எதிராக ஜிம்மி 14-8 என்று முன்னால் நின்றார். இன்னும் நாலே நாலு. நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். விடியப்புறம் பத்திரிகைக் கட்டு வந்தது. வழக்கமாக எண்ணிப்பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கயிற்றை அறுப்பேன். அன்றைக்கு முதல் வேலையாக அறுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். 18-14. வென்றது ஹென்ட்ரி. தொடர்ச்சியாகப் பத்து பிரேம் எடுத்திருந்தார். பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கட்ட வந்த டாக்சிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டார்.

அடுத்த வருடமும் ஹென்ட்ரிதான், 18-5. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

1994 உலகப் போட்டிக்குக் கொஞ்சம் முன் நாங்கள் கலர் ரிவி வாங்கினோம். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த நாட்டில் ரிவி பார்க்க வருடா வருடம் லைசன்ஸ் காசு கட்ட வேண்டும். அப்போது கறுப்பு வெள்ளைக்கு 28 பவுண், கலருக்கு 84 பவுண் 50 பென்ஸ். ஐந்து பேர், ஆளுக்கு 16 பவுண் 90 பென்ஸ். நான் முழுக் காசையும் தபால் கந்தோரில் கட்டினேன். மூன்று பேர் அந்தக் கிழமையே தந்துவிட்டார்கள். ஒருவர் தரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். தான் ரிவியே பார்ப்பதில்லை என்றார். பார்ப்பதில்லையாம்! கதிரையில் கால்நீட்டி முன்னால் இருப்பது அவர்தான், பின்னால் நிற்பது நாங்கள். இன்று அவருக்கு இரண்டு கடை, மூன்று வீடு. ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கண்டால் கட்டிப்பிடிப்பார். காசுக்காகச் சொல்லவில்லை, ஒரு பேச்சுக்குத்தான்.

சரி, 1994. இறுதியாட்டத்தின் இரண்டாம் நாள் மே 2, திங்கட்கிழமை, வங்கி விடுமுறை. ஜிம்மிக்கு அன்று 32-வது பிறந்த நாள். எதிரில் மறுபடி ஹென்ட்ரி, நாலாவது தரம். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையை விலையாகக் கொடுத்து அன்றிரவு லீவு வாங்கியிருந்தேன். 17-17 ஆகிவிட்டது. கடைசி பிரேம். ஜிம்மி 37-24 என்று முன்னால், மேசையில் சிவப்புகள் விரிந்து கிடக்கின்றன, கறுப்பு தன் இடத்தில் இருக்கிறது. ஹாலில் பழகும் சின்னப் பையனே போடக்கூடிய அடி. குசினியில் கோழிக்கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட அகப்பையோடு வந்து நின்றுவிட்டார். கொஞ்சம் அவசரமாக அடித்தார். பந்து குழிக்குப் போகவில்லை.

கலரில் பார்த்தேன். அதுதான் கொடுமை, கறுப்பு வெள்ளையில் என்றால் அது கறுப்புத்தானா என்று சண்டையாவது பிடித்திருப்போம்.

ஹென்ட்ரி கதிரையை விட்டு எழும்பி 58 புள்ளி எடுத்து முடித்துவிட்டார். பரிசளிப்பில் ஜிம்மி, இவர் எனக்கு எரிச்சல் மூட்டத் தொடங்கிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அரங்கே சிரித்தது. எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் காசு தராத அந்த லைசன்ஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘இவனும் உன்னை மாதிரித்தானடா, வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வாறான்’ என்றார்.

விஷயம் என்னவென்றால், அதற்கு முந்தின கிழமைதான் நான் டிரைவிங் டெஸ்டில் ஐந்தாவது தரம் ஃபெயில். மூன்று தரம் மூலையில் பின்னால் எடுக்கும்போது கல்லில் முட்டியது, மிச்சம் இரண்டும் நரம்புத் தளர்ச்சி. அந்த இரவிலிருந்து நான் ஜிம்மி. கொஞ்ச நாளில் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திருந்த அம்மா கொமியூனிகேஷன் கடையிலிருந்து போன் எடுத்துக் கதைத்தபோது, பின்னால் ‘டேய் ஜிம்மி, சோறு இறக்கிட்டியா’ என்று சத்தம் கேட்டிருக்கிறது. ‘தம்பி, அங்க நாய் வளர்க்கிறியளோ?’ என்று கேட்டார். ஊரில் எங்கள் வீட்டில் இருந்த நாய்க்கும் அதே பெயர்தான். அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஏழாவது தரம் பாஸ் ஆனேன். முயற்சி திருவினையாக்கும் என்று சொல்ல வரவில்லை. அன்று மழை, பரீட்சகருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம், பின்னால் எடுக்கச் சொல்லவே இல்லை. அவ்வளவுதான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஆறு தரம் தோற்றார் என்கிறீர்கள். அதில் ஐந்து, 1990 முதல் 1994 வரை அடுத்தடுத்த ஐந்து வருடம். அந்த வாசலுக்கு ஒரு தரம் போகவே மற்றவர்கள் ஆயுள் முழுக்கக் கியூக் கோலைத் துடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். 18 வயதில், 1980-ல், தாஸ்மேனியாவின் லான்செஸ்டனில் உலக அமெச்சூர் சாம்பியன். 1982 அரையிறுதியில் அலெக்ஸ் ஹிகின்ஸுக்கு எதிராக 15-14, அந்த பிரேமில் 59-0 என்று முன்னால் நின்றார், 20 வயது. ஹிகின்ஸ் எங்கிருந்தோ 69 எடுத்துச் சமப்படுத்தி 16-15 என்று வென்று, உலகக் கிண்ணத்தையும் கொண்டுபோனார். 1984-ல் ஜிம்மி மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். அதே வருடம் உலக இறுதியாட்டத்தின் முதல் நாள் முடிவில் ஸ்டீவ் டேவிஸுக்கு 12-4 என்று பின்னால் இருந்தார். வேறு ஆள் என்றால் பெட்டியைக் கட்டியிருப்பார். 18-16 வரை இழுத்துக்கொண்டு வந்தார். 1992 கடைசியில், அந்தப் பத்து பிரேம் அடி வாங்கிய அதே வருடத்தில், யூ.கே. சாம்பியன்ஷிப்பை வென்றார். தரவரிசைப் பட்டங்கள் மொத்தம் பத்து, கடைசியாக 2004-ல். இடையில் 1995-ல் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை செய்து திரும்பி வந்தவர். இதையெல்லாம் தோல்வி என்று எழுத உங்கள் கை கூசவில்லையா?

ஹென்ட்ரி ஆட்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள், தெரியும். நான் அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஏழு தரம் உலக சாம்பியன். 1994 போட்டியின் நடுவில் குளியலறையில் விழுந்து கை எலும்பு முறிந்து, அந்தக் கையோடுதான் வென்றார். பெரிய ஆட்டக்காரர். ஆனால் அவருக்காக நான் ஒரு நாளும் பத்திரிகைக் கட்டை அவசரமாக அறுத்ததில்லை. இன்னொரு கூட்டம், குடியும் சூதும் போதையும் இல்லாவிட்டால் வென்றிருப்பார் என்று எழுதும். அதை அவரே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதிவிட்டார், நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு, எங்கே ஸ்னூக்கர் என்றாலும் ‘இது நம்ம ஊட்டியில் பிறந்த விளையாட்டு’ என்று வந்துவிடும். 1875-ல் ஜபல்பூரில் வெள்ளைக்கார அதிகாரிகள் தொடங்கி, 1882-ல் ஊட்டி கிளப் சுவரில் விதிகளை எழுதி மாட்டியது உண்மைதான். அந்தக் கிளப்புக்குள் நம் ஆட்களை அப்போது எதற்கு விட்டிருப்பார்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் பெருமைப்படுங்கள்.

ஏன் கொண்டாடுகிறார்கள் என்றால், எனக்குத் தெரிந்த வரையில், அவர் பயந்து ஆடவில்லை. 14-8-லும் அதே வேகம், 5-18-லும் அதே வேகம். மெதுவாக, பத்திரமாக ஆடியிருந்தால் ஒன்றையாவது வென்றிருக்கலாம் என்று நானும் சில இரவுகள் கணக்குப் போட்டிருக்கிறேன். அப்படி ஆடியிருந்தால் நான் அந்தச் சாம்பல் நிற ரிவிக்கு முன்னால் தூக்கத்தை விட்டு இருந்திருக்க மாட்டேன்.

அப்புறம், அவர் நிறுத்தவும் இல்லை. 60 வயதில், 2022-ல், தகுதிச் சுற்றுகளை வென்று யூ.கே. சாம்பியன்ஷிப்பின் பிரதான சுற்றுக்குப் போனார். மூத்தோருக்கான உலகப் போட்டியை அதே குருசிபிள் அரங்கில் வென்றார். 2020-ல் கென் டோஹெர்டியிடம் 0-4 என்று பின்னால் நின்று 5-4. மூத்தோர் போட்டி வேறு, உலகக் கிண்ணம் வேறு, அதுவும் எனக்குத் தெரியும், எழுத வேண்டாம்.

2023-ல் மறுபடி வென்ற இரவு எங்கள் பழைய வீட்டு வாட்ஸ்அப் குழுவில் முதலில் செய்தி போட்டது அந்த லைசன்ஸ்காரர்தான். ‘ஜிம்மி வெண்டிட்டானடா’ என்று எழுதி, பக்கத்தில் கிண்ணப் படம், கைதட்டல் படம் எல்லாம். நான் ‘16.90’ என்று மட்டும் பதில் போட்டேன். நீல டிக் விழுந்தது. இன்றுவரை பதில் இல்லை.