படுக்கையில் மாமியார், தூக்கமில்லாமல் நான்

கேள்வி: மாமியாருக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகளாகப் படுக்கைதான். டயாப்பர் மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் நான். புரட்டிப் படுக்கவைக்க ராத்திரி நாலு தடவை எழுகிறேன். கொழுந்தனார் சென்னையில் இருக்கிறார். சில நாள் மாமியாரிடம் கத்திவிடுகிறேன். ‘போய்ச் சேர்ந்தால் தேவலை’ என்றுகூடத் தோன்றுகிறது. நான் பாவியா?
– வாசகி, தேவகோட்டை அருகே

பதில்: இல்லை. நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பலருக்கும் அப்படித் தோன்றும், வெளியே சொல்லமாட்டார்கள். எனக்குக் கவலை தந்தது அந்த ‘நாலு தடவை’தான். துண்டு துண்டான தூக்கம் மாதக்கணக்கில் நீடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும், மனச்சோர்வும் வரலாம். முதலில் இரவைச் சரிசெய்வோம். படுக்கைப்புண் வராமலிருக்க உதவும் ஏர் பெட் (காற்று மெத்தை) போடுங்கள். முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவக்காமல் இருந்தால், இரவில் புரட்டும் இடைவெளியைக் கூட்டலாமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டுக்கும் வாசல் பக்கத்து முகப்புக்கும் நடந்தே கால் ஓய்ந்துவிடும். கட்டிலை நீங்கள் புழங்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். வாரத்தில் இரண்டு இரவு உங்கள் கணவர் முறை. ஆம்பளை எப்படிச் செய்வார் என்பார்கள். பெற்ற அம்மாதானே, கற்றுக்கொள்வார்.

அப்புறம், சொந்தபந்தம். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம்) வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, “ஆச்சி இளைச்சுப் போச்சே, சரியாச் சாப்பாடு குடுக்கலையா?” என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறுவார்கள். (கேட்கிற எனக்கே எரிச்சல் வரும்.) பொதுவாக ‘உதவுங்கள்’ என்றால் யாரும் அசையமாட்டார்கள். கொழுந்தனாரிடம் பகலுக்கு ஓர் ஆள் வைக்கும் சம்பளத்தைக் கேளுங்கள். ஓரகத்தியைக் கோடை விடுமுறையில் பத்து நாள் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாளில் விட்டுப்போன விசேஷங்களுக்குப் போய்வாருங்கள். பேச்சு வரும், வரட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய திட்டம். பிசியோதெரபியும் படுக்கை நோயாளிகளுக்கான பராமரிப்பும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

கோபம் தலைக்கேறினால் மாமியாரைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, அழுகையாக வருகிறது என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை தேவைப்பட்டால் சாப்பிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செத்துவிடலாம் என்றோ, அவரை அடித்துவிடுவோமோ என்றோ தோன்றினால் உடனே அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மாமியாருக்கு மாத்திரை வாங்கப் போகும்போது உங்கள் பிரஷரையும் சுகரையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவே இல்லையே.