‘பசுமை வீடு’ என்று கூடுதல் விலை வாங்கினார்கள், பசுமை எங்கே?

கேள்வி: வணக்கம் மேடம். சென்னை மேடவாக்கம் பக்கம் 220 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 2021-இல் பிளாட் புக் செய்தேன். அக்கம்பக்கத்தில் ஓடிய விலையைவிடச் சதுர அடிக்கு 350 ரூபாய் அதிகம். பசுமைச் சான்று பெற்ற குடியிருப்பு, அதனால்தான் இந்த விலை என்றார்கள். என் 1,080 சதுர அடிக்கு அது மட்டும் 3 லட்சத்து 78 ஆயிரம். கழிவுநீரைச் சுத்திகரித்து ஃபிளஷ் தொட்டிகளுக்குத் தருவோம், பொது விளக்கும் லிஃப்டும் சோலாரில் ஓடும், மெயின்டனன்ஸ் குறையும் என்று புரோஷரிலேயே அச்சடித்திருந்தார்கள். சாவி வாங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடியதே இல்லை. தினமும் கழிவுநீர் லாரி வந்து எடுத்துப் போகிறது. ஃபிளஷ்ஷுக்கும் காசு கொடுத்து வாங்கும் லாரித் தண்ணீர்தான். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாயிலிருந்து 5.50 ஆகிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதாக அசோசியேஷன் கையெழுத்துப் போட வேண்டும் என்று பில்டர் நெருக்குகிறார். கேஸ் போட்டால் வீட்டு விலை விழுந்துவிடும் என்று மற்றவர்கள் பயப்படுகிறார்கள். வீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சுத்திகரிப்பு நிலையம் அசோசியேஷன் கைக்கு வந்துவிட்டால், அதை ஓட்டும் பொறுப்பும் உங்களுடையதாகிவிடும். சுத்திகரிக்காத நீர் வெளியே போனால், 1974-ஆம் வருடத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் அசோசியேஷன் பெயருக்கு வரும். பில்டர் அவசரப்படுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். நிலையத்தை முழுக் கொள்ளளவில் ஓட்டிக் காட்டட்டும், வெளியேறும் நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை தரட்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதியை ஒப்படைக்கட்டும், அதன் பிறகு ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 18-வது பிரிவில் பணம் திரும்பக் கேட்கும் உரிமை முக்கியமாக, வீட்டை உரிய நேரத்தில் ஒப்படைக்காத பில்டருக்கு எதிரானது. நீங்கள் சாவி வாங்கிக் கிரயமும் முடித்துவிட்டீர்கள். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலகலாம் என்று 12-வது பிரிவு சொல்கிறது என்றாலும், குடியேறி இரண்டரை வருஷம் கழித்து அதைக் கேட்டு ஜெயிப்பது கஷ்டம். ஜெயித்தாலும் கிடைப்பது நீங்கள் கட்டிய தொகையும் வட்டியும் இழப்பீடும்தானே தவிர, இன்றைய சந்தை விலை அல்ல. அந்தப் பணத்தில் அதே பகுதியில் இன்னொரு வீடு வாங்க முடியுமா என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். வீட்டை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்பதுதான் உங்களுக்கு லாபம்.

அந்த 12-வது பிரிவே இதற்கும் உதவும். விளம்பரத்திலோ புரோஷரிலோ சொன்னது பொய்யாகி, அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தால், பில்டர் ஈடுகட்ட வேண்டும். ‘புரோஷர் சும்மா மாதிரிக்குத்தான்’ என்ற சிறிய எழுத்து வரி பில்டரைக் காப்பாற்றிவிடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த வரிகள் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019-இல் பயனீர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருடம், பெங்களூரு குடியிருப்பு ஒன்று பற்றிய அரிஃபுர் ரஹ்மான் கான் வழக்கில், உறுதியளித்த வசதிகளைத் தராதது சேவைக் குறைபாடு என்றும், கிரயப் பத்திரம் பதிந்துகொண்டதாலேயே இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்றும் தீர்ப்பளித்தது. ‘பத்திரம் முடிஞ்சிடுச்சு, இனி என்ன?’ என்று பில்டர் அலுவலகத்தில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எவ்வளவு கேட்பது? ரெரா சட்டத்தின் 72-வது பிரிவைக் கவனியுங்கள். தவறு செய்ததால் பில்டர் அடைந்த முறையற்ற ஆதாயத்தையும் உங்களுக்கு வந்த நஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. உங்கள் விஷயத்தில் அந்த ஆதாயத்துக்குக் கணக்கு இருக்கிறது: சதுர அடிக்கு 350 ரூபாய். விலைப் பட்டியலிலோ கட்டுமான ஒப்பந்தத்திலோ அது தனி வரியாக இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், விற்பனைப் பிரிவு ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி போதும். அந்த போனை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-வது பிரிவில், அது எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டும் ஒரு சான்றிதழ் கேட்கிறது. லாரி ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். நஷ்டத்தை அவைதான் சொல்லும்.

எனக்கு உறுத்தும் இன்னொன்று, இந்தப் ‘பசுமை’யில் பாதி அவர்கள் சட்டப்படி செய்தே ஆக வேண்டியது என்பது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே 2006-ஆம் வருட அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். 220 வீடுகள் என்றால் உங்கள் குடியிருப்பு அநேகமாக அந்த அளவைத் தொட்டிருக்கும். அனுமதிக் கடிதத்தைச் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் தேடி எடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு, எவ்வளவு நீரை ஃபிளஷ்ஷுக்கும் செடிகளுக்கும் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் பொதுவாக அதில் நிபந்தனைகளாகவே இருக்கும். சட்டம் போட்ட கட்டளையை வசதி என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். அந்த விலையில் வீடு வாங்கக் கடன் எடுத்த குடும்பங்கள் மாதாமாதம் அதற்கும் வட்டி கட்டுகின்றன. இதைச் சாதாரண விற்பனைத் தந்திரம் என்று விட்டுவிட என்னால் முடியாது.

பசுமைச் சான்றையும் விசாரியுங்கள். வரைபடத்தைப் பார்த்துத் தரும் முன்சான்று வேறு, கட்டி முடித்தபின் தரும் இறுதிச் சான்று வேறு. முன்சான்றை மட்டும் வைத்து விளம்பரம் செய்துவிட்டு இறுதிச் சான்று வாங்காமலே விட்டிருந்தால், 12-வது பிரிவு வழக்குக்கு அதைவிட நல்ல ஆதாரம் இருக்காது.

கால வரம்பு: நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம். அது தாண்டிவிட்டது என்று பில்டர் வாதாடுவார். அதனால் ரெராதான் நல்ல வழி. சேவை வசதிகளில் உள்ள குறையைச் சாவி தந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் எழுதிக் கொடுத்தால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14(3)-வது பிரிவு. நிலையத்தை ஓடவைக்கும் உத்தரவு கேட்டு அசோசியேஷன் பெயரில் ரெரா ஆணையத்திடம் ‘எம்’ படிவம். கூடுதல் விலைக்கான இழப்பீடு கேட்டு நீங்கள் ஒவ்வொருவரும், ரெராவில் இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்வு அலுவலரிடம் ‘என்’ படிவம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம்.

விலை விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீடு பார்க்க வருகிறவர் கண்ணில் கழிவுநீர் லாரி படாமலா போகும்? சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. மறைத்து விற்றால், வாங்கியவர் நாளை உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். ஆணையத்தின் உத்தரவோடு ஓடுகிற சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மெயின்டனன்ஸ் இறங்கும், விற்கும்போது கேட்கிற விலையையும் தைரியமாகக் கேட்கலாம். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொல்லி, 14(3)-வது பிரிவு நோட்டீஸ் அனுப்பத் தீர்மானம் போடுங்கள். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 30 நாளில் வேலை நடக்கவில்லை என்றால் 31-வது நாள் மனு போய்விட வேண்டும்.